ஏழாம் வாய்ப்பாடு வருகிற வேகம்: நாற்பதைத் தாண்டியபின் ஓடத் தொடங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் நாள் நான் ஓடியது ஒன்றரைச் சுற்று. சென்னையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாநகராட்சித் திடல் இருக்கிறது, ஒரு சுற்று ஏறக்குறைய 300 மீட்டர் வரும். அப்போது எனக்கு 42 வயது, எடை 84 கிலோ. அதற்கு முன் கடைசியாக ஓடியது பஸ்ஸைப் பிடிக்கத்தான். புது ஷூ, புது டிராக் பேன்ட் சகிதம் விசில் ஊதிய மாதிரி பாய்ந்தேன். இரண்டாவது சுற்றின் பாதியில் நெஞ்சு அடித்துக்கொண்டது, விலாவில் சுருக்கென்று குத்தியது. மதில் சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றேன். வாக்கிங் வந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"யாரும் துரத்தலையே தம்பி, அப்புறம் ஏன் இந்த ஓட்டம்?"

அவர் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த நாளே சொல்லிக் கொடுத்துவிட்டார்: "ஓடிக்கிட்டே ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாச் சொல்லுங்க. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு... அதுவரைக்கும் ஒரே மூச்சில் வந்தா அதுதான் உங்க வேகம். வரலைன்னா குறைங்க. குறைச்சும் வரலைன்னா நடங்க."

சொன்னபடி செய்து பார்த்தேன். என் வேகம் நடையைவிடக் கொஞ்சம்தான் அதிகமாக இருந்தது. புடவை கட்டி வேகமாக நடந்துகொண்டிருந்த ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போனார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று நான் மூச்சுத் திணறி நிற்கவில்லை, மறுநாள் வீட்டிலேயே படுத்துக்கொள்ளவும் இல்லை.

ஓடத் தொடங்கி இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறவர்களைக் கேட்டால் மூட்டு, நேரம், வெயில் என்று காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரையில் முக்கால்வாசிப் பேருக்குக் காரணம் ஒன்றுதான், வேகம். பள்ளிக்கூடத்தில் நாம் ஓடியதெல்லாம் நூறு மீட்டர், இருநூறு மீட்டர். ஓட்டம் என்றாலே உயிரைக் கொடுத்து ஓடுவது என்று மனதில் பதிந்துவிட்டது. ஆகவே இந்த வழிகாட்டியில் திரும்பத் திரும்ப மெதுவாக ஓடுங்கள் என்றுதான் சொல்லப்போகிறேன். அலுத்துக்கொள்ளாதீர்கள்.

மெதுவாக ஓடுவதும் பயிற்சிதான்

உலகம் முழுக்கச் சாதாரண மக்கள் ஜாகிங் போகத் தொடங்கிய கதையிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் ஒலிம்பிக் சாம்பியன்களை உருவாக்கிய பயிற்சியாளர். ஆக்லாந்தில் நடுத்தர வயதுக்காரர்களையும் மெதுவாக ஓடவைத்துக்கொண்டிருந்தார். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அங்கே போனார். பிற்காலத்தில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இவர். அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஊருக்கெல்லாம் ஓட்டம் சொல்லிக் கொடுத்தவர், அந்தக் கூட்டத்தோடு ஓடப் போய்ப் பின்தங்கி இரைத்தார். எழுபதைத் தாண்டிய ஒருவர்தான் அவருக்காக வேகத்தைக் குறைத்துக் கூடவே வந்தாராம். பவர்மேன் ஊர் திரும்பியதும் ஓரிகனில் பொதுமக்களுக்கு ஜாகிங் வகுப்பு தொடங்கினார்.

உடம்புக்குள் நடப்பதும் இதற்கு ஒத்துப்போகிறது. பேச முடிகிற வேகத்தில் ஓடும்போது தசைகளுக்குத் தேவையான ஆக்சிஜனை இதயமும் நுரையீரலும் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன. அந்த எல்லையைத் தாண்டினால் மூச்சு தாறுமாறாகும், கால் கனக்கும், சில நிமிடங்களில் நிற்க வேண்டியதுதான். மெதுவாக ஓடுகிற காலத்தில்தான் இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தை அனுப்பப் பழகுகிறது, தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன.

இன்னொரு விஷயம். மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாண்களும் எலும்பும் பழக மாதக்கணக்காகும். ஆறாவது வாரத்தில் "இன்னும் ஓடலாம் போலிருக்கிறதே" என்று தோன்றுவது மூச்சு பழகியதால்தான். கால் இன்னும் தயாராகவில்லை. புதியவர்களுக்கு அடிபடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள்

வயது நாற்பதைத் தாண்டியவர்கள், பி.பி. அல்லது சர்க்கரை உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், அப்பா அல்லது கூடப்பிறந்தவர்களுக்கு இளவயதில் மாரடைப்பு வந்த குடும்பத்தினர், இவர்கள் எல்லோரும் தொடங்குவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஈ.சி.ஜி. பார்ப்பார்கள். தேவைப்பட்டால் டிரெட்மில்லில் நடக்கவைத்து டி.எம்.டி. எடுக்கச் சொல்வார். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று நாமே நமக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

இன்சுலின் போடுபவர்களுக்கும், சில வகை சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓடும்போது சர்க்கரை இறங்கிவிடலாம். எந்த மாத்திரை, எப்போது என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டிரவுசர் பையில் குளுக்கோஸோ சர்க்கரைப் பொட்டலமோ எப்போதும் இருக்கட்டும். ஓடி முடித்ததும் பாதங்களில் கொப்புளம், புண் இருக்கிறதா என்று பார்ப்பதும் பழக்கமாக வேண்டும்.

ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல், வழக்கமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் அப்போதே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கேஸ் என்று நினைத்து சோடா குடித்துவிட்டு வீட்டில் உட்காரக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஷூவும் துணியும்

பணம் செலவழிக்க வேண்டிய பொருள் ஷூ ஒன்றுதான். கடைக்குச் சாயங்காலம் போங்கள், பகல் முழுக்க நின்று நடந்து பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடப்போகிற சாக்ஸையே போட்டுப் பாருங்கள். நின்றபடி, பெருவிரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவே கட்டைவிரல் அகல இடம் இருக்க வேண்டும். வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக வேண்டியிருக்கலாம். கடைக்குள்ளேயே நாலு தடவை ஓடிப் பாருங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். எங்கேயும் உறுத்தாமல் குதிகால் வழுக்காமல் இருப்பதுதான் உங்களுக்கான ஷூ. "போடப் போட சரியாயிடும் சார்" என்று விற்பவர் சொன்னால் வாங்காதீர்கள்.

விலையைப் பற்றி: மூவாயிரம் ரூபாய் சுமாரில் வருகிற ரன்னிங் ஷூவே தொடங்குபவருக்குப் போதும். அடியில் தகடு வைத்த, பதினைந்தாயிரம் ரூபாய் பந்தய ஷூக்கள் நமக்கானவை அல்ல. ஒரு ஜோடி பொதுவாக 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். அதை ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் போட்டுக்கொண்டு திரிந்தால் அந்தக் கணக்கு சீக்கிரம் தீர்ந்துபோகும்.

பருத்தி பனியன் வேர்வையைக் குடித்துக்கொண்டு கனக்கும், உரசும். சீக்கிரம் காய்கிற பாலியெஸ்டர் டி-ஷர்ட் நல்லது. உடம்பு கொஞ்சம் பெருத்தவர்களுக்குத் தொடை இடுக்கில் உரசிப் புண்ணாகும், யாரும் வெளியே சொல்லாத பிரச்சினை இது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் அங்கே வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொண்டால் தீர்ந்தது. மறந்துபோன அன்று, குளிக்கும்போது முதல் சொம்புத் தண்ணீர் பட்டதும் ஞாபகம் வரும்.

என் மனைவி மூன்று மாதம் கழித்து என்னோடு சேர்ந்துகொண்டார். ஷூவைவிட முக்கியம் சரியான ஸ்போர்ட்ஸ் பிரா என்பது அவர் கருத்து. தளர்ந்து போனதை வைத்துச் சமாளிக்கக் கூடாது, குதித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்பார். முதல் மாதம் சுடிதாரில்தான் ஓடினார், துப்பட்டாவை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு. மாதவிடாய் நாட்களில் உடம்பு ஒத்துழைத்தால் ஓடலாம், முடியாவிட்டால் விடலாம், அதில் விதி எதுவுமில்லை. பிரசவம் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டு, குறைந்தது மூன்று மாதமாவது பொறுத்துத் தொடங்குவது நல்லது.

எங்கே, எப்போது

மண் திடல் கிடைத்தால் கொடுத்து வைத்தவர். இல்லாவிட்டால் தார் ரோடு. சிமென்ட் தளம் தாரைவிடக் கடினம். நடைபாதையில் பதித்த டைல்ஸ் மழை ஈரத்தில் வழுக்கும். சென்னைக்காரர்களுக்கு மெரினா, பெசன்ட் நகர் கடற்கரைச் சாலைகள், கோவைக்காரர்களுக்கு ரேஸ் கோர்ஸ், மதுரையிலும் திருச்சியிலும் மாவட்ட விளையாட்டரங்கம் என்று ஊருக்கு ஊர் இடம் இருக்கிறது. கடற்கரையில் ஓடுகிறேன் என்று மணலுக்குள் இறங்கிவிடாதீர்கள். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பழகாத கெண்டைக்காலும் குதிநாணும் கால் புதைகிற மணலில் படும் பாடு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.

ரோட்டில் ஓடுகிறவர்கள் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். வெளிர் நிறச் சட்டை போடுங்கள். இரண்டு காதிலும் பாட்டு மாட்டிக்கொண்டு விடியற்காலையில் ரோட்டில் ஓடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

நேரம் என்றால் விடிகாலைதான், அதிலும் கடலோர ஊர்களில். வேர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழும், சூடு உள்ளேயே நிற்கும். அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். பிப்ரவரியில் பத்தாவது பெருக்கல்வரை வந்த வாய்ப்பாடு மே மாதத்தில் நாலாவதிலேயே நின்றுபோனால் நீங்கள் பலவீனமாகிவிட்டதாக அர்த்தமில்லை, வேகத்தைக் குறையுங்கள். உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். தலைவலி, குமட்டல், குழப்பம் வந்தால் நிழலுக்குப் போய்த் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்ற வேண்டும், உடனே உதவி கூப்பிட வேண்டும். அது ஆபத்தான கட்டம்.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீருக்குள் கால் வைக்காதீர்கள், அடியில் மூடியில்லாத பள்ளம் இருக்கலாம். அந்த நாட்களில் மொட்டை மாடியிலோ படிக்கட்டிலோ நடந்துகொள்ளலாம். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து ஃபேனுக்கு அடியில் வைத்தால் மறுநாள் காய்ந்திருக்கும். வெயிலில் போட்டால் பசை விட்டுவிடும்.

பன்னிரண்டு வாரத் திட்டம்

ஓட்டத்தையும் நடையையும் கலந்து பழகுவது புதிதல்ல. அமெரிக்க ஒலிம்பிக் ஓட்டக்காரர் ஜெஃப் காலோவே 1970-களிலேயே இதை முறையாகச் சொல்லிக்கொடுத்தார். 1996-ல் ஜாஷ் கிளார்க் என்பவர் இணையத்தில் வெளியிட்ட ஒன்பது வாரத் திட்டம் உலகம் முழுக்கப் பரவியது. அதில் முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை. எனக்கு ஒன்பது வாரம் போதவில்லை. நம் வெயில், நம் எடை, என் வயது எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாக இழுத்துக்கொண்டேன். வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. ஒவ்வொரு நாளும் முதலில் ஐந்து நிமிட நடை, கடைசியிலும் ஐந்து நிமிட நடை. அதற்கு நடுவே செய்ய வேண்டியது இது:

1, 2-ஆம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை.
3, 4-ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை.
5, 6-ஆம் வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 5 முறை.
7-ஆம் வாரம்: 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 4 முறை.
8-ஆம் வாரம்: 5-ஆம் வாரத்துக்கே திரும்பிப் போங்கள். இது ஓய்வு வாரம்.
9-ஆம் வாரம்: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 3 முறை.
10-ஆம் வாரம்: 12 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 2 முறை.
11-ஆம் வாரம்: 15 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, மறுபடி 10 நிமிடம் ஓட்டம்.
12-ஆம் வாரம்: 25 நிமிடம், முடிந்தால் கடைசி நாளில் 30 நிமிடம், நிற்காமல்.

இதில் தூரமே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். போனில் தூரம் பார்க்கத் தொடங்கினால் நேற்றைய ஆளை இன்று முந்தத் தோன்றும், வாய்ப்பாடு மறந்துபோகும். நிமிடம் மட்டும் பாருங்கள். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே மறுபடி செய்யுங்கள். நான் 7-ஆம் வாரத்தை மூன்று தடவை செய்தேன். காய்ச்சலோ கல்யாணமோ வந்து பத்து நாள் விட்டுப்போனால் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். எடை மிக அதிகமாக உள்ளவர்கள், பல வருடம் நடக்கவே நடக்காதவர்கள், இந்தத் திட்டத்துக்கு முன்னால் ஒரு மாதம் தினம் 30 நிமிடம் வேகமாக நடந்துவிட்டு வாருங்கள்.

எழுதி வைப்பது உதவும். எங்கள் வீட்டில் பால் கணக்கு எழுதும் காலண்டரில் ஓடிய நாளுக்கு ஒரு வட்டம் போட்டேன். மாதக் கடைசியில் பால்காரருக்குப் பணம் கொடுக்கும்போது வட்டங்களையும் எண்ணிவிடுவேன். பதினோரு வட்டத்துக்குக் கீழே போனால் மனைவி ஒரு பார்வை பார்ப்பார், அது எந்த ஆப்பின் நினைவூட்டலையும்விட நன்றாக வேலை செய்தது.

ஓடும் விதம்

இதைப் பற்றி ஆயிரம் பேர் ஆயிரம் சொல்வார்கள். தொடங்குபவருக்கு மூன்றே போதும். காலடிகள் சின்னதாக இருக்கட்டும், கால் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும், முன்னால் நீட்டி எட்டிப் போடக் கூடாது. தோள் காதுவரை ஏறியிருந்தால் இறக்கிவிடுங்கள். கையைக் கோழிக்குஞ்சைப் பிடித்திருப்பதுபோலத் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கா வாயா என்று குழம்ப வேண்டாம், இரண்டாலும் மூச்சு விடலாம். விலாவில் குத்தினால் நடைக்கு மாறி, நீளமாக மூச்சை வெளியே விட்டு, குத்துகிற இடத்தை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஓடினால் இது அதிகம் வரும்.

ஓடாத நாட்களில் கால்களைப் பலப்படுத்தப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தோப்புக்கரணம் 15, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 15. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது 15, இரண்டு முறை. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், பாதி நேரம் இடது, பாதி நேரம் வலது. பள்ளியில் தண்டனையாகச் செய்ததை இப்போது முழங்காலுக்காகச் செய்கிறோம், அவ்வளவுதான்.

நாய்

ஓட்டம் பற்றி எழுதுகிறவர்கள் இதை எழுதுவதில்லை. நம் தெருவில் விடிகாலை நாலரைக்கு ஓடிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஓடுகிற எதையும் துரத்துவது நாயின் இயல்பு. குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடையாக்குங்கள். கண்ணோடு கண் பார்க்காமல், முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் மெல்ல விலகிப் போங்கள். கல் எடுப்பதுபோலக் குனிந்தால் பெரும்பாலும் நின்றுவிடும், எல்லா நாயும் நிற்காது. தினம் ஒரே தெருவில், ஒரே நேரத்தில் போனால் இரண்டு வாரத்தில் அவையும் நம்மைப் பழகிவிடுகின்றன.

கடித்துவிட்டால், பல் பட்டுக் கீறினாலும்கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனை போய் ரேபிஸ் தடுப்பூசி போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட்டு முடிக்க வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டுவது வேண்டவே வேண்டாம்.

தண்ணீரும் சாப்பாடும்

அரை மணி நேர ஓட்டத்துக்குத் தனியாக எதுவும் சாப்பிட வேண்டியதில்லை. எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், பசித்தால் பாதி வாழைப்பழம். காபி இல்லாமல் கண் திறக்காதவர்கள் குடித்துவிட்டே போங்கள், ஆனால் வயிறு சுத்தமாக நேரம் கொடுங்கள். இது அனுபவத்தில் சொல்வது, விவரம் வேண்டாம்.

முடித்தபின் கோடையில் உப்புப் போட்ட நீர்மோர் அருமையானது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வேர்வையில் அதிகம் போவது சோடியம்தான், எனவே இளநீரோடு காலை உணவில் உப்புள்ள ஏதாவது சேரட்டும். பி.பி. உள்ளவர்கள் உப்பு விஷயத்தில் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

எடை குறைக்க ஓடுபவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 80 கிலோ ஆள் 3 கி.மீ. ஓடினால் 240. திரும்பி வரும் வழியில் டீக்கடையில் இரண்டு மெதுவடை சாப்பிட்டால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். எங்கள் திடலில் ஒரு குழு பத்து வருடமாக இப்படித்தான் கணக்கை நேராக்கிக்கொண்டிருக்கிறது. அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

எந்த வலி, எப்போது நிறுத்துவது

முதல் இரண்டு வாரம் தொடையும் கெண்டைக்காலும் கடுப்பது சாதாரணம். இரண்டு காலிலும் ஒரே மாதிரி வலித்து, நடந்ததும் குறைந்தால் பயப்பட வேண்டாம். ஒரு காலில் மட்டும், ஒரு இடத்தில் மட்டும், ஓட ஓடக் கூடிக்கொண்டே போகிற வலி வேறு ரகம். நொண்ட வைக்கிற எந்த வலியோடும் ஓடக் கூடாது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு வாரத்தை முடித்த பெருமையில், பதினைந்தாவது வாரம் ஒரு 10 கி.மீ. ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தேன். அதுவரை ஓடிய அதிகபட்சம் 5 கி.மீ. டி-ஷர்ட்டும் மெடலும் தருகிறார்கள் என்றதும் புத்தி போய்விட்டது. கூட்டம், மேளம், மைக்கில் கத்தல், எல்லோரும் பாய்கிறார்கள், நானும் பாய்ந்தேன். வாய்ப்பாடாவது ஒன்றாவது. முடித்தேன். மறுநாள் காலை படுக்கையிலிருந்து கால் ஊன்றியபோது வலது முன்னங்கால் எலும்பின் உட்பக்கம் சுரீர் என்றது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று நாளில் மறுபடி ஓடினேன், இரண்டாவது தப்பு. ஒரு வாரத்தில் மாடிப்படி இறங்கவே முடியவில்லை. எலும்பு டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, வலி நீளவாக்கில் பரவலாக இருக்கிறது, அதனால் எலும்பைச் சுற்றியுள்ள வீக்கம்தான் என்றார். ஒரே புள்ளியில் விண்ணென்று தெறித்திருந்தால் நுண்ணிய எலும்பு முறிவைச் சந்தேகித்திருப்பாராம். ஆறு வாரம் ஓட்டம் கிடையாது. அந்த மெடல் இன்றும் அலமாரிக் கதவில் தொங்குகிறது, கதவைத் திறக்கும்போதெல்லாம் டங்கென்று அடிக்கும்.

மாத்திரை போட்டு வலியை அமுக்கிவிட்டு ஓடுவது இன்னொரு காரணத்துக்காகவும் கூடாது. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது பல வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கேடு. காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்தினால் பாதத்தின் அடிச்சவ்வு அழற்சியாக இருக்கலாம், ஓட்டத்தைக் குறைத்து, கெண்டைக்காலை நீட்டிப் பழகுங்கள். முழங்கால் சிப்பியைச் சுற்றி வலித்தால் பெரும்பாலும் திடீரென்று அதிகம் ஓடியதன் விளைவு. இரண்டு வாரத்தில் எதுவும் குறையாவிட்டால் எலும்பு டாக்டரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள், சுளுக்கு எடுப்பவரிடம் போய் நீவ விடாதீர்கள்.

பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு

அரை மணி நேரம் நிற்காமல் ஓட வந்ததும் குறைந்தது ஒரு மாதம் அதிலேயே இருங்கள். அதன்பின் வாரத்தில் ஒரு நாள் மட்டும் நேரத்தை ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டலாம். மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் குறையுங்கள். முதல் பந்தயம் 5 கி.மீ. ஆக இருக்கட்டும். 21.1 கி.மீ. அரை மராத்தானை ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம். யோசிக்காமலே இருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

"இந்த வயசுலயா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஃபவுஜா சிங்கைத்தான். பஞ்சாபிலிருந்து இங்கிலாந்து போய்க் குடியேறியவர். 2000-ஆம் ஆண்டு லண்டனில் முதல் மராத்தானை ஓடியபோது அவருக்கு 89 வயது. 2011-ல் டொரோண்டோவில் நூறு வயதில் 42.195 கி.மீ. முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ்காரர்கள் ஏற்கவில்லை. அன்று அவர் எடுத்துக்கொண்ட நேரம் எட்டு மணிக்கும் மேல். மெதுவாக ஓடுகிறோமே என்று கூச்சம் வரும் நாட்களில் நான் அந்த எட்டு மணி நேரத்தை நினைத்துக்கொள்வேன்.

பி.டி. மாஸ்டர் இன்னும் அதே திடலில் அதே திசையில் நடக்கிறார். போன வாரம் அவரைத் தாண்டும்போது, "வாய்ப்பாடு வருதா?" என்று கேட்டார்.

"ஏழாம் வாய்ப்பாடு முழுசா வருது சார். பதினாறாம் வாய்ப்பாடு வேணும்னாலும் கேளுங்க."

"அது நீ உட்கார்ந்திருந்தாலே வராது. போ, போ."